குரங்குக்கு வாழைப்பழம், கூரைக்குக் கோல்ஃப் பந்து: எதற்குச் சண்டை போடுவது, எதை விட்டுவிடுவது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, குவாசூலு-நட்டால் கடற்கரையோரம் உள்ள ஒரு இகோ எஸ்டேட்டில் (காட்டோடு சேர்ந்த தனியார் குடியிருப்பு வளாகம்) வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார் இந்த வாசகி. கணவருக்கு உம்ஷ்லங்காவில் வேலை. எஸ்டேட் நடுவே கோல்ஃப் மைதானம், சுற்றிலும் காடு, வாசலில் காவல். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயரை நினைத்துப் பின்சுவரில் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்து அனுப்ப, எஸ்டேட்டின் மாதச் செய்திமடலில் அம்மாவின் முகம் தெரிய அந்தப் படம் வந்துவிட்டது, கீழே 'இப்படிச் செய்யாதீர்கள்' என்ற வரியோடு. கூடவே 2,000 ராண்ட் அபராதம். மேல்முறையீடு செய்தார்கள், ஒரு வரி மின்னஞ்சலில் நிராகரித்துவிட்டார்கள். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

இன்னும் இருக்கிறது. வீட்டுக்குள் அடிக்கடி கோல்ஃப் பந்து விழுகிறது, ஒரு கண்ணாடிக் கதவு உடைந்தது, துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று வந்து விழுந்திருக்கிறது. கிளப்பில் கேட்டால், 'மைதானத்தை ஒட்டி வீடு வாங்கினால் அப்படித்தான்' என்கிறார்கள். தோட்டத்து மஞ்சள் அரளியையும் முன்வாசலில் கட்டிய துளசி மாடத்தையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. 40 கிலோமீட்டர் வரம்புள்ள எஸ்டேட் சாலையில் 48-ல் போனதாகக் கணவருக்குத் தனி அபராதம். 'எஸ்டேட் சாலை பொதுச்சாலை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, கட்டாதே' என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். கோல்ஃப் மட்டையையே தொடாத வீட்டில் லெவியோடு, அதாவது எஸ்டேட்டின் மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு, கோல்ஃபுக்கும் சேர்த்து வசூல். இனி லெவியே கட்டப்போவதில்லை என்கிறார் கணவர். கடைசியாக வாசகி கேட்டிருக்கிறார்: 'அடுத்த தெருவில் பறவைக்குத் தீனித் தட்டு தொங்குகிறது, அதை யாரும் கேட்பதில்லை. நாங்கள் இந்தியர்கள் என்பதால்தானே இதெல்லாம்?'

வழக்கறிஞரின் பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் எழுதியதில் ஆறேழு தகராறுகள் இருக்கின்றன. சிலவற்றில் நீங்கள் நிச்சயம் தோற்பீர்கள், சிலவற்றில் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஒன்றில் எஸ்டேட் நிர்வாகம்தான் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் அவர்கள் பலவீனமானதை எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுவார்கள், பலமானது அடியில் கிடக்கும். அதனால் பிரித்துப் பார்ப்போம். உங்கள் எஸ்டேட்டின் ஆவணங்களை நான் பார்க்கவில்லை, ஆகவே நான் சொல்வதை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை. வீட்டை வாங்கும்போது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினராகவும் ஆகிவிட்டீர்கள். இதில் விருப்பம், விருப்பமின்மை என்ற பேச்சே கிடையாது. பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதியிருக்கும். பெரும்பாலான எஸ்டேட்டுகளில் இந்தச் சங்கம் 2008-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவாகியிருக்கும். அதன் அமைப்பு ஆவணத்தை இங்கே எல்லோரும் எம்ஓஐ என்பார்கள். எம்ஓஐ, நடத்தை விதிகள், கட்டட அழகியல் விதிகள், தோட்ட விதிகள் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் ஒப்பந்தம். வாங்கும்போது யாரும் இதைப் படிப்பதில்லை. முன்னூறு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இப்போதாவது எடுத்துப் படியுங்கள், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் எல்லாமே அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

லெவியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

உங்கள் கணவரிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சங்கத்தின் மேல் எவ்வளவு நியாயமான கோபம் இருந்தாலும் லெவியை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் இல்லை. நிறுத்தினால் வட்டி ஏறும், சங்கம் வழக்கறிஞரிடம் கொடுத்தால் விதிகளில் இருக்கும் பட்சத்தில் அந்தச் செலவும் உங்கள் கணக்கில் ஏறும், நாளைக்கு வீட்டை விற்கப் போனால் பாக்கியில்லை என்ற சான்று இல்லாமல் பத்திரம் மாறாது. அதைவிடப் பெரிய நஷ்டம், நியாயம் கேட்டு வந்தவராக இல்லாமல் பாக்கிதாரராக, நாளை இந்தத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் முன் உட்காருவீர்கள். பல சங்கங்களின் எம்ஓஐ-யில் பாக்கி உள்ளவர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்றும் இருக்கும். அந்த வாக்கு உங்களுக்குத் தேவைப்படும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

லெவியைக் கட்டுங்கள், ஆனால் அபராதம் வேறு, லெவி வேறு என்பதை எழுத்தில் வையுங்கள். சில நிர்வாகங்கள் நீங்கள் அனுப்பும் பணத்தை முதலில் அபராதத்துக்கு வரவு வைத்துக்கொண்டு, லெவியில் பாக்கி காட்டும். 'இந்தத் தொகை இந்த மாத லெவிக்கு மட்டும், அபராதத்தை நான் ஏற்கவில்லை, அதை எதிர்த்து மேலும் முறையிடுகிறேன்' என்று ஒரு மின்னஞ்சல் ஒவ்வொரு மாதமும் போகட்டும்.

கோல்ஃபுக்கு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மைதானம் யாருடையது என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. சில எஸ்டேட்டுகளில் மைதானம் சங்கத்தின் சொத்து. அப்படியென்றால் பூங்கா, வேலி, காவல் போலவே அதையும் எல்லோரும் சேர்ந்துதான் பராமரிக்க வேண்டும், விளையாடுகிறீர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. வேறு சிலவற்றில் கிளப் தனி நிறுவனம், சங்கத்துக்கும் அதற்கும் இடையே ஒரு ஒப்பந்தம் இருக்கும். அப்போது அந்த ஒப்பந்தத்தையும் அந்த வசூலுக்கு எம்ஓஐ-யில் எந்தப் பிரிவு இடம் தருகிறது என்பதையும் கேட்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு உறுப்பினருக்குச் சில ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது: எம்ஓஐ, விதிகள், பொதுக்கூட்டக் குறிப்புகள், ஆண்டுக் கணக்கறிக்கைகள். இதையெல்லாம் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மைதானம் யாருடையது என்ற விடை பந்து விஷயத்திலும் உங்களுக்கு உதவும்.

சாலை அபராதம்

நண்பர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதிக் கதை. டர்பனை ஒட்டிய மவுண்ட் எட்ஜ்கோம்ப் எஸ்டேட்டில் இதே போல வேக அபராதத்தில் தொடங்கிய வழக்கு ஒன்று உண்டு, அங்கேயும் வரம்பு 40-தான். 2017-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்தச் சாலைகள் பொதுச்சாலைகள், சங்கம் தானாக வேக வரம்பு வைத்து அபராதம் போட முடியாது என்று சொன்னது. நாடு முழுக்க எஸ்டேட் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி பறந்தது. ஆனால் 2019 மார்ச்சில் ப்ளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சாலை விஷயத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. வாசலில் காவல் வைத்து, அனுமதி உள்ளவரை மட்டும் விடும் இடத்தில் பொதுமக்களுக்கு அந்தச் சாலையில் போக உரிமை இல்லை, ஆகவே அது பொதுச்சாலை இல்லை. வீடு வாங்கியவர் விதிகளுக்கு ஒப்புக்கொண்டுதான் உள்ளே வந்தார், அதனால் அபராதம் ஒப்பந்தத்தின் பாற்பட்டது. இதுதான் தீர்ப்பின் சாரம். இந்த இரண்டாவது செய்தி மட்டும் எந்தக் குழுவிலும் அவ்வளவாகப் பறக்கவில்லை.

48-ல் போனதற்கான அபராதத்தைக் கட்டிவிடுங்கள். கருவி சரியாக இருந்ததா, படம் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்கலாம், அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பிலேயே உங்களுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. அபராதம் ஒப்பந்தத்தின் பாற்பட்டது என்றால் ஒப்பந்தத்துக்கான எல்லைகளும் அதற்கு உண்டு. விதியில் இல்லாத அபராதம் செல்லாது. விதியில் சொன்ன நடைமுறையைச் சங்கமும் பின்பற்றியாக வேண்டும். ஒப்பந்த அபராதங்கள் பற்றிய 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏற்பட்ட பாதிப்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய அபராதத்தை நீதிமன்றம் குறைக்க முடியும் என்றும் வாதிடலாம்.

அம்மாவும் குரங்கும்

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாழைப்பழம் வைத்தது தவறு, அதை நியாயப்படுத்த முயல வேண்டாம். அங்கே வருபவை வெர்வெட் குரங்குகள், காலங்காலமாக அந்தக் காட்டில் இருப்பவை, காட்டுப் பழமும் இலையும் பூவும் பூச்சியும் அவற்றுக்குப் போதும். ஒரு வீட்டுச் சுவரில் பழம் கிடைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் கூட்டமே அந்த நேரத்துக்கு வரும், மனிதர் மேல் இருக்கும் பயம் போகும், அடுத்து யார் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்க்கும். அப்புறம் எரிச்சலான யாரோ ஒருவர் காற்றுத்துப்பாக்கியை எடுப்பார். டர்பன் பக்கத்துப் புறநகர்களில் குண்டடி பட்ட குரங்குகள் புதிதல்ல. அம்மா புண்ணியமென்று நினைத்துச் செய்வது கடைசியில் அந்தக் குரங்கின் உயிருக்கே வினையாக முடியும். இதை இப்படியே அவரிடம் சொன்னால் நிறுத்திவிடுவார் என்றுதான் நினைக்கிறேன், விதி, அபராதம் என்றெல்லாம் சொல்வதைவிட இதுதான் அவருக்குப் புரியும். சனிக்கிழமைப் பழத்தைக் கோயிலுக்குக் கொடுக்கலாம். டர்பன் பகுதியில் நம் கோயில்களுக்குப் பஞ்சமா என்ன, 1860-ல் மதராஸிலிருந்து இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கிய வரலாறு அல்லவா.

சரி, செய்தது தவறு என்பதால் அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. மூன்று இடங்களில் கேள்வி கேட்கலாம்.

முதலாவது, நடைமுறை. அபராதம் போடுவதற்கு முன் முதல் எச்சரிக்கை உண்டா, உங்கள் தரப்பைக் கேட்டார்களா, 2,000 ராண்ட் என்ற தொகை எந்தக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்றது? கம்பெனிகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் இயக்குநர்கள் போடும் விதிகள் அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டும், இது அந்த வகை விதியா என்பதில் வாதம் இருக்கலாம், ஆனாலும் கேள்வியைக் கேட்டு வையுங்கள். ஒரு வரி மின்னஞ்சலில் காரணமே சொல்லாமல் முறையீட்டை நிராகரித்தது அவர்கள் பக்கத்துப் பலவீனம்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன அந்தப் பறவைத் தட்டு. விதியின் சொற்களைப் பாருங்கள். 'குரங்குகளுக்கு' என்று மட்டும் இருந்தால் இந்த வாதத்தில் ஒன்றுமில்லை. 'காட்டுயிர்களுக்கு உணவளிக்கக் கூடாது' என்று பொதுவாக இருந்தால், பறவையும் காட்டுயிர்தான், விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறையாகிறதா என்று கேட்பது நியாயம். உணவளித்ததற்காகக் கடந்த காலத்தில் போட்ட அபராதங்களின் எண்ணிக்கையையும் வகையையும், பெயர்கள் இல்லாமல், கேளுங்கள்.

இந்தியர் என்பதால்தானா என்ற கேள்விக்கும் இங்கேயே வந்துவிடுகிறேன். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. நாய்டூ, கோவெண்டர் போன்ற இந்திய வம்சாவளிப் பெயர்கள் இந்த மாகாணத்து எஸ்டேட் நிர்வாகக் குழுக்களில் அரிதல்ல. முந்தைய தலைமுறைகள் கரும்பு வெட்டிய நிலத்தில் எழுந்த எஸ்டேட்டுகளில் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டு உரிமையாளர்கள். ஆகவே குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் இனப்பாகுபாடு என்று எழுதிவிடாதீர்கள், எழுதிய பிறகு திரும்ப எடுக்க முடியாத சொல் அது. அபராதப் பட்டியல் கைக்கு வந்து, அதில் ஒரு போக்கு தெரிந்தால், அப்போது 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது.

மூன்றாவது, செய்திமடலில் வந்த படம். எஸ்டேட் நிர்வாகம் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று அறிவிக்க ஒரு முதிய பெண்ணின் முகம் தேவையில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே பொப்பியா என்று சொல்வார்கள், 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒரு சங்கம் தன்னிடம் வந்த படத்தை எந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்துகிறது, அது தேவையான அளவைத் தாண்டுகிறதா என்ற கேள்விகளுக்கு அது பதில் வைத்திருக்க வேண்டும். செய்திமடலின் இணையப் பிரதியிலிருந்து படத்தை நீக்க வேண்டும், அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியது வேறு விஷயம், அதற்குப் பின்னால் ஓட வேண்டாம். அவரோடு நீங்கள் இன்னும் பல வருடம் சுவரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பந்து: இங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும்

உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் பணமும் மனவருத்தமும். இது உயிர் சம்பந்தப்பட்டது. ஆனாலும் நீங்கள் அதை நாலாவது பத்தியில், குரங்குக்கும் அரளிக்கும் நடுவே எழுதியிருக்கிறீர்கள். கிளப் சொன்ன பதிலை நீங்களே பாதி நம்பிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

மைதானத்தை ஒட்டி வீடு வாங்கியவர் எப்போதாவது ஒரு பந்து வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது உண்மை. ஆனால் எவ்வளவு வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேப் டவுனின் மில்னர்ட்டன் கோல்ஃப் கிளப்புக்கு எதிராக 2007-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு இதே பிரச்சினைதான். ஆறாவது குழிக்கான ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்குள் பந்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. கீழ் நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் தரப்பு தோற்றது, மேலே ஜெயித்தது. மைதானத்துப் பக்கத்தில் குடியிருப்பவர் நியாயமாகச் சகிக்க வேண்டிய அளவைத் தாண்டிய தொல்லை என்று கண்டு, கிளப்புக்கு எதிராகத் தடை உத்தரவு போட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். எஸ்டேட் வீடுகளின் விற்பனை ஒப்பந்தத்திலோ எம்ஓஐ-யிலோ 'கோல்ஃப் பந்தால் வரும் அபாயத்தை உரிமையாளர் ஏற்கிறார்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். இருந்தாலும் அது கிளப்புக்கு முழுக் கவசம் என்று நான் நினைக்கவில்லை. அதன் சொற்கள் என்ன, யாருக்குச் சாதகமாக எழுதப்பட்டது, சொத்துச் சேதத்துக்கு மட்டுமா, உங்களோடு தங்கியிருக்கும் அம்மா அதில் கையெழுத்திட்டாரா (இல்லை) என்பதெல்லாம் பார்க்க வேண்டியவை. எப்போதாவது வரும் பந்தை ஏற்றுக்கொண்டதும், தடுக்கக்கூடிய ஒரு வடிவமைப்புக் கோளாறை ஏற்றுக்கொண்டதும் ஒன்றல்ல என்ற வாதம் வலுவானது.

இதில் ஜெயிப்பது சாட்சியத்தால்தான். விழும் ஒவ்வொரு பந்தையும் எடுத்து வையுங்கள், எடுக்கும் முன் விழுந்த இடத்திலேயே படம், தேதி, நேரம். ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் வீடு எந்த எண் குழியை ஒட்டி இருக்கிறது, ஆட்டக்காரர் முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்து எவ்வளவு தூரம், அவருக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று குறியுங்கள். வலக்கை ஆட்டக்காரர்களின் தவறிய அடி பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து போகும், மேடையிலிருந்து இருநூறு மீட்டர் சுமாரில் வலப்பக்கம் இருக்கும் வீடுகள்தான் அதிகம் அடி வாங்கும். உங்கள் வரிசையில் மற்ற வீடுகளிலும் இதே கதையா என்று கேளுங்கள். நாலு வீட்டு நோட்டு சேர்ந்தால் 'எப்போதாவது வரும்' என்ற பதில் நிற்காது.

கேட்க வேண்டியதையும் குறிப்பாகக் கேளுங்கள். மேடையை நகர்த்துவது, அடிக்கும் கோணத்தை மாற்றுவது, மரம் நடுவது, அது வளரும்வரை வலை கட்டுவது என்று கிளப்புகள் செய்யும் வழிகள் நிறைய இருக்கின்றன. 'ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்டால் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

உடைந்த கண்ணாடிக் கதவுக்குத் தனி வழி. முதலில் உங்கள் வீட்டுக் காப்பீட்டைப் பாருங்கள். அடித்தவர் யார் என்று தெரிந்தால் அவர் கவனக்குறைவாக அடித்தாரா என்ற கேள்வி வரும், சாதாரணமாகத் தவறிய அடியைக் கவனக்குறைவு என்று நிரூபிப்பது கடினம். கிளப் மீது கேட்பதானால், தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு வழக்குகள் நீதிமன்றம் போதும், அங்கே இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, தனிநபராகிய நீங்கள் ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம்.

அரளியும் துளசி மாடமும்

இந்த இரண்டையும் ஒரே நோட்டீஸில் அனுப்பியிருக்கிறார்கள், நீங்களும் ஒன்றாகவே பார்க்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு.

மஞ்சள் அரளி எஸ்டேட்டின் விருப்பு வெறுப்பு சம்பந்தப்பட்டது இல்லை, நாட்டுச் சட்டம். 2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் அயல் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியல் ஒன்று இருக்கிறது, மஞ்சள் அரளி அதில் 1பி வகை, அதாவது கட்டுப்படுத்தியே ஆக வேண்டியது. நம் ஊர் உன்னிச்செடியும் அதே வகைதான். நாளைக்கு வீட்டை விற்றால் பட்டியலில் உள்ள தாவரம் தோட்டத்தில் இருப்பதை வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு உண்டு. எடுத்துவிடுங்கள். அரளி விதை என்ன செய்யும் என்று தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, குழந்தைகள் நடமாடும் தெருவில் அது இல்லாமல் போவதும் நல்லதுதான். பூஜைக்கு வேறு பூ வைத்துக்கொள்ளலாம்.

துளசி மாடத்தை அப்படி விட்டுக்கொடுக்க வேண்டாம். அங்கே எஸ்டேட் சொல்வது கட்டட அழகியல் விதி: முன்புறத்தில் ஒப்புதல் இல்லாத கட்டுமானம் கூடாது. ஒப்புதல் வாங்காமல் கட்டியது உங்கள் பக்கத்துக் குறை, அதை ஒப்புக்கொண்டு, இப்போது முறைப்படி வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள், வழிபாட்டு நடைமுறைக்காக விதிவிலக்கு கேட்டு. இந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்ட நீதிமன்றம் 2007-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது, டர்பன் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பின்னணி கொண்ட இந்து மாணவியின் மூக்குத்தி பற்றியது. சீருடை விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், மத, பண்பாட்டு வழக்கத்துக்கு நியாயமான இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். மதத்தில் கட்டாயமா, விருப்பமா என்று பிரித்து விருப்பமானதை ஒதுக்கிவிடவும் அது ஒப்புக்கொள்ளவில்லை. அது பள்ளி, இது தனியார் எஸ்டேட், அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமத்துவச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும். இடுப்பளவுக்கும் கீழே நிற்கும் ஒரு மாடத்தால் எஸ்டேட்டின் தோற்றத்துக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். உயரம், நிறம், இடம் பற்றிக் கொஞ்சம் இறங்கிப் போகத் தயாராக இருங்கள், பக்கவாட்டுக்கு நகர்த்தச் சொன்னால் அம்மாவிடம் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.

குரங்குக்கும் இதே மத உரிமை வாதத்தை வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். அங்கே பாதிப்பு அக்கம்பக்கத்துக்கும் விலங்குக்கும், நியாயமான இடம் என்பது அவ்வளவு தூரம் நீளாது. அதை எழுதினால் துளசி மாடத்து வாதமும் சேர்ந்து பலவீனமாகும்.

எங்கே போவது, எப்போது

சங்கத்துக்குள் இருக்கும் முறையீட்டு வழியை முடித்த பிறகு, சமுதாயக் குடியிருப்புகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, சுருக்கமாக சிஎஸ்ஓஎஸ். 2011-ஆம் ஆண்டுச் சட்டம், 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, டர்பனில் மாகாண அலுவலகம் உண்டு. அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்: மாத லெவியில் 500 ராண்டுக்கு மேற்பட்ட தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 40 ராண்ட் என்று உங்கள் பில்லில் ஒரு வரி இருக்கும் பாருங்கள். முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் நடுவர் விசாரணை. நடுவரின் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புப் போலவே நடைமுறைப்படுத்தக்கூடியது, சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கவனிக்க வேண்டியது தேதி. சங்கத்தின் அல்லது அதன் குழுவின் ஒரு முடிவைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரினால், அந்த முடிவு எடுத்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்க அதிகாரம் இருக்கிறது என்றாலும் அதை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. சங்கத்துக்கு இந்த வாரமே கடிதம் அனுப்பி, பதில் தர இரண்டு வாரம் கொடுங்கள், அப்போதும் கையில் போதுமான நாள் மிச்சமிருக்கும்.

மைதானம் சங்கத்துடையது என்றால் பந்துப் பிரச்சினையையும் சிஎஸ்ஓஎஸ் முன் வைக்க வழி உண்டு. தனி கிளப் என்றால் அது அவர்கள் வரம்புக்குள் வராது, தடை உத்தரவுக்கு நீதிமன்றம்தான். அதற்குச் செலவு இருக்கிறது. உங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதனால்தான் அவர்களிடம் இப்போதே பேசச் சொன்னேன்.

வாக்கு தேவைப்படும் என்றேனே, அது இதற்காக. அபராதப் பட்டியல், செய்திமடலில் உறுப்பினர் படம் போடும் வழக்கம், கோல்ஃப் வசூல் இவற்றையெல்லாம் நிரந்தரமாக மாற்ற நடுவரால் ஆகாது, பொதுக்கூட்டத்தால் ஆகும். 10 சதவீத வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் இயக்குநர்கள் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும், கம்பெனிகள் சட்டம் 61-ஆம் பிரிவு. எம்ஓஐ-யையே மாற்றுவதானால், அதில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 75 சதவீத ஆதரவு வேண்டும், அது மலையேற்றம். ஆனால் இயக்குநர் தேர்தலுக்கு நீங்களே நிற்கலாம். பெரும்பாலான எஸ்டேட்டுகளில் நிற்க ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் நிஜம்.

கடிதங்களை மூன்றாகப் பிரித்து அனுப்புங்கள்: அபராதமும் படமும் ஒன்று, மாடத்துக்கான விண்ணப்பம் ஒன்று, பந்து பற்றியது கிளப்புக்கும் சங்கத்துக்கும் சேர்த்து ஒன்று. மூன்றையும் எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அவர்கள் பதில் வரும்வரையாவது. அதுவரை அம்மா துணி உலர்த்தும் கொடியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள். அதற்கும் ஏதாவது விதி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.